‘நீ யார்?’, ‘இது யாருடைய இடம்?’: இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறும் அமெரிக்கக் கறுப்பரின் ஒதுக்கல் எதிர்ப்பும்

ஆய்வுச்சுருக்கம்

சாதியையும் நிறத்தையும் ஒப்பிடும் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் இரு மக்களின் துன்பங்களுக்கிடையே உள்ள ஒற்றுமையைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஒதுக்கல் எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஒப்பிடும்போதுதான் அதற்கு எதிரான போராட்டங்களின் வடிவமும் விளங்கும். இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தன்வரலாற்றை அமெரிக்கக் கறுப்பரின் ஒதுக்கல் எதிர்ப்பு வரலாற்றோடு இணைத்து வாசிக்கும் இக்கட்டுரை, ஒதுக்கல் ‘நீ யார்?’, ‘இது யாருடைய இடம்?’ என்னும் இரு கேள்விகளால் இயங்குகிறது என்று நிறுவ முயல்கிறது. முதற்கேள்விக்குச் சீனிவாசன் தந்த விடை தன்னை அறிவித்தல். இரண்டாம் கேள்விக்குத் தந்த விடை இடத்தைப் பொதுவாக்குதல். அவர் இளமையில் பணிசெய்த நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களை வைத்துப் பார்க்கையில் இவ்விரு விடைகளின் எல்லையும் புலப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசர், தன்வரலாறு, இன ஒதுக்கல், பொதுவழி, நீலகிரி, தேயிலைத் தோட்டம்

1. முன்னுரை

சாதி ஒடுக்குமுறையை அமெரிக்க அடிமைமுறையோடு ஒப்பிடும் வழக்கம் இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையது. சோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை 1873ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1946ஆம் ஆண்டில் அம்பேத்கர், கறுப்பர் இயக்கத்தின் முதன்மைச் சிந்தனையாளரான டுபாய்சுக்குக் கடிதம் எழுதி இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரைத் தழுவி 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. அதன் தொடர்ச்சி தமிழகத்திலும் உண்டு.

இந்த ஒப்பீட்டின் அரசியல் பயனை யாரும் மறுக்க இயலாது. திறனாய்வில் இது பெரும்பாலும் உவமையாகவே நின்றுவிட்டது. ‘கறுப்பர்களைப் போலவே’ என்ற தொடர் தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. அந்தப் ‘போல’ எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. அமெரிக்க ஒதுக்கல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் உடலைக் கொண்டு இயங்கியது. சாதியோ பெரும்பாலும் கேட்டறிந்த செய்தியைக் கொண்டு இயங்குகிறது. ஊர், தெரு, தகப்பன் பெயர், தொழில் ஆகியவற்றை விசாரித்த பின்னரே அது தன் வேலையைத் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளும்போது இரு போராட்டங்களின் ஒற்றுமை எதிர்பாராத இடத்தில் வெளிப்படுகிறது. அவ்விடத்தைக் காட்டும் தமிழ்ப் பனுவல் 1939இல் வெளிவந்த சீனிவாசனின் தன்வரலாறு.

2. மணி அடித்த பின் நுழைந்த மாணவர்

செங்கற்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். தாம் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்ததாகவும், அவர்களுள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். உடன்பயில்வோருடன் நட்புக் கொண்டால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும். தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டிவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத கொடுமையை எண்ணி மனம் கலங்கியதையும் அவர் பதிவு செய்கிறார்.

சில வரிகளில் அடங்கிவிடும் இப்பகுதி இத்தன்வரலாற்றின் திறவுகோல் எனலாம். இங்கே எவரும் அவரைத் தடுக்கவில்லை, எவரும் அடிக்கவில்லை, வாயிலில் பலகை ஏதும் தொங்கவில்லை. ஒதுக்கலுக்குரிய செயல் எதுவும் நிகழாமலே ஒதுக்கல் முழுமையாக நிகழ்ந்துவிடுகிறது. அதை நிகழ்த்துவது இன்னும் கேட்கப்படாத ஒரு கேள்வி. ‘நீ யார்?’ என்று ஒருவன் கேட்டுவிடுவானோ என்ற அச்சமே மாணவரின் நேரத்தையும் நடையின் வேகத்தையும் நட்பையும் ஆள்கிறது.

டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ நூலின் தொடக்கத்தில் இதற்கு இணையான பள்ளி நினைவு ஒன்று உள்ளது. மாசசூசெட்சின் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகள் பெயரட்டைகளை வாங்கித் தமக்குள் பரிமாறிக்கொண்டு விளையாடுகிறார்கள். புதிதாக வந்த சிறுமி ஒருத்தி அவருடைய அட்டையை மட்டும் ஏற்க மறுக்கிறாள். தாம் மற்றவர்களிடமிருந்து வேறானவர் என்பதும், தமக்கும் அவர்கள் உலகுக்கும் இடையே ஒரு திரை இருப்பதும் அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிகிறது.

இரு நினைவுகளிலும் விளையாட்டே இழப்பின் களம். ஆயினும் அறிவின் திசை மாறியிருக்கிறது. டுபாய்ஸ் அறியாததை அச்சிறுமி அறிந்திருக்கிறாள்; அவருடைய தோல் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கோயம்புத்தூரிலோ மாணவர் அறிந்ததைப் பிறர் அறியவில்லை. ஒருவர் பிறரால் அறியப்பட்டிருப்பதைக் கண்டு துயருறுகிறார். மற்றவர் அறியப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறார். பின்னதில் ஒதுக்கப்படுபவரே தம்மைக் காவல் காக்கும் பணியையும் மேற்கொள்ள நேர்கிறது. சாதி வழி ஒதுக்கலுக்குப் பலகைகள் அதிகம் தேவைப்படாததற்கு இது ஒரு காரணம்.

3. அறிவித்தல்

மறைந்து வாழ்தல் அமெரிக்கக் கறுப்பருக்கும் அறிமுகமானதே. வெளிர்நிறம் கொண்டோர் தம் வழிமரபை மறைத்து வெள்ளையராகவே வாழ்ந்துவிடுவதை மையமாகக் கொண்ட புனைவுகள் அங்கு ஒரு தனி வகையாகவே வளர்ந்தன. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1912இலும் நெல்லா லார்சன் 1929இலும் வெளியிட்ட நாவல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. தப்பிப்பு இழப்பாகவும் மாறுவதை இக்கதைகள் காட்டுகின்றன.

சட்டப் போராட்டத்திலோ இதற்கு நேரெதிரான ஒரு செயல் நிகழ்ந்தது. தொடர்வண்டிகளில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டிகள் வேண்டும் என்று லூசியானா மாநிலம் 1890இல் சட்டம் இயற்றியது. அதை எதிர்க்க நியூ ஆர்லியன்சு நகரில் குடிமக்கள் குழு ஒன்று அமைந்தது. 1892 சூன் 7 அன்று ஓமர் பிளெசி என்பவர் வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்கினரே ஆப்பிரிக்க வழியினர். தோற்றத்தில் அவர் வெள்ளையராகவே கருதப்படக்கூடியவர். பேசாமல் இருந்திருந்தால் பயணம் தடையின்றி முடிந்திருக்கும். தாம் யார் என்பதை அவர் தெரிவித்ததால்தான் கைது நிகழ்ந்தது; கைது நிகழ்ந்ததால்தான் வழக்கு பிறந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் ஒதுக்கலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ‘தனித்தனி, ஆயினும் சமம்’ என்ற கோட்பாடு அங்கீகாரம் பெற்றது. நீதிபதி ஆர்லன் ஒருவர் மட்டுமே மாறுபட்டார்.

பிளெசி கைதான மறு ஆண்டு, 1893 அக்டோபரில், சீனிவாசன் சென்னையில் இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. முன்னர் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தவர், தாம் மறைத்து வைத்திருந்த சொல்லையே பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்பினார். தம் மக்கள் ஒவ்வொருவரும் தம்மை அப்பெயரால் வெளிப்படையாக முன்னிறுத்தினாலன்றி உரிமை பெற இயலாது என்பது அவர் தந்த விளக்கம்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே தொடர்பு ஏதுமில்லை. ஆகவே இங்குத் தாக்கத்தைத் தேடுவது வீண். தொடர்பில்லாத இரு நிலங்களில் ஒரே செயல் போராட்ட வடிவமாகியுள்ளது என்பதே கருதத்தக்கது. மறைக்க முடிந்த ஒருவர் மறைக்க மறுக்கும்போது, கேள்வி கேட்கும் உரிமை ஒடுக்குபவரின் கையிலிருந்து நழுவுகிறது. சீனிவாசனின் தன்வரலாற்றில் கோயம்புத்தூர்ப் பகுதிக்கும் இதழ்ப் பகுதிக்கும் இடையே சில பக்கங்களே உள்ளன. நூலின் அகக்கட்டமைப்போ அந்த இடைவெளியில்தான் உள்ளது. ஆசிரியர் இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து விளக்கவில்லை. இணைக்கும் பொறுப்பை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

4. பெயர் பற்றிய மாறுபாடு

அறிவிப்பது என்று முடிவு செய்தபின் எந்தப் பெயரால் அறிவிப்பது என்ற வினா எழுகிறது. இவ்வினாவில் நீலகிரியோடு தொடர்புடைய இரு உறவினர் எதிரெதிர் நிலை எடுத்தனர். ஒருவர் சீனிவாசன்; கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்து, 1890இல் சென்னைக்கு வந்தவர். மற்றவர் அவருடைய சகோதரியின் கணவரான அயோத்திதாசர். நீலகிரியில் வாழ்ந்து, 1870களில் அங்கே அத்வைதானந்த சபையை நிறுவியவர். அவர் முன்னின்று நடத்திய திராவிட மகாசன சபையின் மாநாடு 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் கூடியது. அம்மாநாட்டின் கோரிக்கைகளில், பறையர் என்ற சொல்லை இழிவாக வழங்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்பதும், கல்வி வசதியும், பொது நீர்நிலைகளைப் பயன்படுத்தும் உரிமையும் அடங்கும்.

அயோத்திதாசரின் பார்வையில் அப்பெயர் பௌத்தரான பூர்வகுடிகள்மீது பகைவர் சுமத்திய வசை. வசையை ஏற்பது அதைச் சுமத்தியவரின் வரலாற்றை ஏற்பதாகும். ஆகவே ‘சாதியற்ற திராவிடர்’, ‘ஆதித் தமிழர்’, ‘பூர்வ பௌத்தர்’ என்னும் பெயர்களை அவர் முன்வைத்தார். 1907இல் தாம் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். சீனிவாசனின் பார்வையில் பெயரை மாற்றுவது மறைந்துகொள்வதன் மற்றொரு வடிவம். கோயம்புத்தூர் நினைவோடு சேர்த்துப் பார்த்தால் அவர் நிலைப்பாட்டின் உளவியல் வேர் தெளிவாகிறது. மறைந்திருந்த அனுபவம் உடையவருக்கு எந்த மாற்றுப்பெயரும் மறைவிடமாகவே தோன்றும்.

அமெரிக்கக் கறுப்பரிடையேயும் இவ்விவாதம் ஓயாமல் நிகழ்ந்துள்ளது. 1928இல் ‘நீக்ரோ’ என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று எழுதிய ஒரு மாணவருக்கு விடையளித்த டுபாய்ஸ், பெயரை மாற்றுவதால் பொருள் மாறிவிடாது என்று வாதிட்டார். 1966இல் ‘கறுப்பர் அதிகாரம்’ என்ற முழக்கம் எழுந்தபோது வசையாக வழங்கிய ‘கறுப்பு’ என்ற சொல் பெருமிதச் சொல்லாகியது. 1980களின் இறுதியில் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்ற பெயர் பரவியபோது வேரையும் வரலாற்றையும் மீட்பது முதன்மை பெற்றது. வசையைப் பெருமையாக்குதல், வசைக்கு முந்திய வரலாற்றை மீட்டல் என்னும் இரு வழிகளையும் அமெரிக்கக் கறுப்பர் வெவ்வேறு காலங்களில் மேற்கொண்டனர். தமிழ்நிலத்தில் இவ்விரண்டும் ஒரே தலைமுறையில், ஒரே குடும்ப வட்டத்துக்குள், எதிரெதிராக நின்றன.

இவ்விருவருள் யார் சரி என்று தீர்ப்பளிப்பது திறனாய்வின் பணியன்று. இருவரும் வேறுவேறு கேள்விகளுக்கு விடையளித்தனர் என்பதே கவனிக்க வேண்டியது. அயோத்திதாசர் ‘நாம் யாராக இருந்தோம்?’ என்று கேட்டார். சீனிவாசன் ‘இப்போது அரசின் முன் யாராக நிற்கிறோம்?’ என்று கேட்டார். முன்னது வரலாறெழுத்துக்கும், பின்னது மனு எழுதுவதற்கும் இட்டுச்சென்றன.

5. பொதுவழி

மனு எழுதும் மரபில் நின்றவர் என்பதால் சீனிவாசனின் அரசியலைக் குறைகூறுவோர் உண்டு. ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தக்கூடாது என்று 1893இல் அவர் சார்ந்த சபை பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. அப்பதவிகள் உயர்சாதியாரின் கைக்கே போய்விடும் என்பது விண்ணப்பத்தின் வாதம். தேசிய இயக்க வரலாறுகள் இதை அந்நிய ஆட்சிக்கு அடிபணிதலாக வாசித்தன. அமெரிக்க ஒப்பீடு இங்கே உதவுகிறது. அங்கும் தென்மாநிலங்களின் உள்ளூர் அதிகாரத்தால் நசுக்கப்பட்ட கறுப்பர், தொலைவிலிருந்த ஒன்றிய அரசையும் அதன் நீதிமன்றத்தையும் நாடினர். அந்த நீதிமன்றம் 1896இல் அவர்களைக் கைவிட்டது; 1954இல்தான் பள்ளி ஒதுக்கல் சட்டத்துக்கு மாறானது என்று கூறியது. அருகிலுள்ள அதிகாரம் பகையாக இருக்கும்போது தொலைவிலுள்ள அதிகாரத்தை நாடுவது ஒடுக்கப்பட்டோர் அரசியலில் மீண்டும் மீண்டும் காணப்படும் வழி. அதை நம்பிக்கை என்பதைவிடக் கணக்கு என்பது பொருந்தும்.

அக்கணக்கின் சிறந்த விளைவு 1924இல் கிட்டியது. சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராக இருந்த சீனிவாசன் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் நகரத்திலும் உள்ள பொதுச் சாலையிலோ தெருவிலோ வழியிலோ எவரும் நடப்பதற்குத் தடையில்லை; பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பிறரைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணையாயிற்று. அதே ஆண்டில் வைக்கத்தில் கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சிறை சென்றுகொண்டிருந்தனர்.

இத்தீர்மானம் கோவில் நுழைவையோ உணவுக் கலப்பையோ பேசவில்லை. ஒரு பெயரடையை மட்டும் அது பற்றிக்கொள்கிறது: ‘பொது’. வரிப்பணத்தில் போடப்பட்ட சாலை எல்லாருக்கும் உரியது என்றால், அதில் சிலர் நடக்கக்கூடாது என்பது அச்சொல்லுக்கே முரண். இரண்டாவது கேள்வியான ‘இது யாருடைய இடம்?’ என்பது இங்குத்தான் முழு வடிவம் பெறுகிறது. ‘நீ யார்?’ என்ற கேள்வியைப் பொருளற்றதாக்க வேண்டுமானால் இடத்தைப் பொதுவாக்க வேண்டும்; பொது இடத்தில் நடப்பவர் தாம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அறிவித்தலின் இறுதி நோக்கம் அறிவிக்கத் தேவையற்ற நிலையை அடைவதே என்று இத்தீர்மானத்தை வாசிக்கலாம்.

தன்வரலாற்றின் பின்பகுதியில் வரும் இலண்டன் நிகழ்வும் தெருவையே மையமாகக் கொண்டது. வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற சீனிவாசனிடம், தீண்டாமை என்றால் என்ன என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்கிறார். கோட்பாடு எதையும் அவர் விளக்கவில்லை. கீழ்ச்சாதியான் எனப்படுபவன் தெருவில் விழுந்துவிட்டால் மேல்சாதியான் எனப்படுபவன் தூக்கிவிட மாட்டான் என்கிறார். மன்னர் திடுக்கிட்டதாக நூல் கூறுகிறது. ஆணை ஒருவனைத் தெருவில் நடக்கவிடும். விழுந்தவனைத் தூக்கும் கையை ஆணையால் தர இயலாது. ஆணை பிறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் தெருவையே எடுத்துக்காட்டாக அவர் சொல்ல நேர்ந்தது, சட்டத்தின் வெற்றியையும் போதாமையையும் அவர் ஒருங்கே அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்ததும், அதையடுத்து 381 நாள் நீடித்த புறக்கணிப்பும் ‘பொது’ என்ற இதே சொல்லின் மீதான போராட்டமே. 1960 பிப்ரவரியில் கிரீன்சுபரோ நகரில் மாணவர் நால்வர் கடையின் உணவு மேசையில் அமர்ந்தபோது அப்போராட்டம் ஒருபடி முன்னேறியது. கடை தனியாருடையது, ஆயினும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது. அத்தகைய இடங்களையும் 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உள்ளடக்கியது. இந்திய அரசமைப்பின் 15ஆம் பிரிவு கடைகளையும் உணவகங்களையும் சாலை, கிணறுகளோடு சேர்த்துப் பட்டியலிட்டது. இரு நாடுகளிலும் ‘பொது’ என்பதன் எல்லை போராட்டத்தால் விரிந்திருக்கிறது.

6. தன்வரலாற்றின் மௌனங்கள்

நூலின் குறைகளையும் கூற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து செல்லப் புறப்பட்ட சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் நாடு திரும்பினார். உலகின் மிகக் கடுமையான நிற ஒதுக்கல் உருவாகிக்கொண்டிருந்த நிலத்தில் வாழ்ந்த அவ்வாண்டுகளுக்கு நூல் ஒதுக்கும் இடம் மிகச் சிறிது. சாதிக்கோட்டை அறிந்த ஒருவர் நிறக்கோட்டை எவ்வாறு கண்டார் என்பதை அறிய விரும்பும் வாசகர் ஏமாற்றமடைகிறார். நீலகிரி ஆண்டுகளின் நிலையும் அதுவே. கோடைக்காலத் தலைநகராக ஆங்கிலேயர் அமைத்துக்கொண்ட அம்மலையில் வெள்ளையருக்கான மன்றங்களும் இருந்தன. தோட்டக் கூலிகளின் லைன் வீடுகளும் இருந்தன. கணக்கரின் மேசையிலிருந்து இரண்டையும் காண முடிந்திருக்கும். நூல் இரண்டைப் பற்றியும் பேசவில்லை.

இம்மௌனத்துக்கு நூலின் வகைமை ஒரு காரணம். ‘சுருக்கம்’ என்று தலைப்பிலேயே கூறிக்கொள்ளும் இந்நூல் உள்ளத்தின் வரலாறு அன்று. ஒரு சமூகத்தின் உரிமைக்கோப்பு. விண்ணப்பம், தீர்மானம், மாநாடு என்று கோப்பில் சேரத்தக்கவையே இதில் இடம்பெறுகின்றன. அமெரிக்க அடிமைத் தன்வரலாறுகளும் சான்றாவணங்களாகவே தொடங்கின. ஆயினும் 1845இல் வெளிவந்த பிரடெரிக் டக்ளசின் தன்வரலாறு ஆண்டைகள், கண்காணிகள், உடன் உழைத்தோர் என ஒரு தோட்டத்தின் மனிதர் அனைவரையும் நம்முன் நிறுத்துகிறது. சீனிவாசனின் நூலில் தோட்டம் இல்லை. ஆகவே தோட்டத்து மனிதரும் இல்லை.

7. மலைச்சாலையும் தோட்டச்சாலையும்

அந்த இன்மையை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைச்சாலையில், கோத்தகிரிக்குச் சற்று முன்னர் அமைந்திருப்பது அரவேணு. இச்சாலை 1924 ஆணையின் பொருளில் பொதுவழி. பேருந்தில் எவரும் செல்லலாம். ஆனால் இம்மலைப்பகுதியில் பெருஞ்சாலையிலிருந்து தேயிலைக்குள் பிரியும் வழிகள் பலவும் தோட்டச்சாலைகள். அவற்றை அமைத்தது தோட்டம். அவை முடிவது தோட்டத்தின் லைன் வீடுகளில். பொதுவழி பற்றிய ஆணை அவ்வழிகளின் முகப்போடு நின்றுவிடுகிறது.

குடியேற்றக் காலத் தோட்டத்தில் ‘நீ யார்?’ என்ற கேள்வியும் வேறு வகையில் செயற்பட்டது. மேஸ்திரி அல்லது கங்காணி ஊர் ஊராகச் சென்று, சாதியும் உறவும் அறிந்தே ஆள் சேர்த்தார். முன்பணம் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ பெற்றார். வேலையை விட்டு ஓடுவதை 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டமும், 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் தண்டனைக்குரியதாக்கின. தொழிலாளி யார் என்பது அவர் மலையேறும் முன்பே ஏட்டில் பதிவாகிவிட்டது. மறைக்க வழியில்லாதவருக்கு அறிவித்தல் ஒரு போராட்டமாகாது. கற்றுத் தனியே நகருக்குச் சென்றவருக்கே மறைவும் அறிவிப்பும் தெரிவுகளாக இருந்தன. சீனிவாசனின் முதல் விடையின் வர்க்க எல்லை இது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’ நாவலும், ‘எரியும் பனிக்காடு’ என்ற இரா. முருகவேளின் தமிழாக்கமும் பேசும் உலகம் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

இரண்டாவது விடையின் எல்லை சொத்துரிமை. இது குறித்துச் சிந்திக்க உதவும் அமெரிக்க வழக்கொன்று உண்டு. அலபாமா மாநிலத்தின் சிக்கசா என்ற ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. அவ்வூர் நடைபாதையில் துண்டறிக்கை கொடுத்த பெண் அத்துமீறி நுழைந்தார் எனத் தண்டிக்கப்பட்டார். 1946இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. மக்கள் ஊராக வாழும் இடம் தனியார் சொத்து என்பதாலேயே அவர்களின் அடிப்படை உரிமைகள் அற்றுப்போவதில்லை என்பது தீர்ப்பின் கருத்து. அவ்வழக்கு நிறம் பற்றியதன்று. ஆயினும் ‘இது யாருடைய இடம்?’ என்ற கேள்விக்குப் பத்திரத்தில் உள்ள பெயர் மட்டுமே விடையாகாது என்பதை அது நிலைநாட்டியது. தலைமுறைகளாக மக்கள் பிறந்து இறக்கும் லைன் வீடுகளுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்படுவது என முடிவாயிற்று. அவ்வாறு வந்தோரில் பலர் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தரும் நோக்கில் தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இங்கு அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்ற பெயரும் சேர்ந்தது. அரசே நடத்தும் தோட்டத்திலும் வீடு வேலையோடு பிணைந்தே இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் வசிக்கும் உரிமை கேள்விக்குள்ளாகிறது. நிலம் அரசுடையது என்பதாலேயே இடம் பொதுவாகிவிடுவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

8. முடிவுரை

1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர் பயிலும் பள்ளி ஒன்றுக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியும் வருத்தமும் அடைந்த கிங், பின்னர்த் தம் நாட்டில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் கறுப்பர்களை எண்ணி, ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று உணர்ந்ததாக 1965இல் நிகழ்த்திய ஓர் உரையில் கூறினார். சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரை இதழுக்கு இட்டபோது செய்த அதே செயல் இது. பெயரை ஏற்றவர் அதனால் தாழவில்லை. அப்பெயரை உண்டாக்கிய ஒழுங்கே கேள்விக்குள்ளாயிற்று.

சாதி, நிற ஒப்பீட்டைத் தமிழ்த் திறனாய்வு கைவிட வேண்டியதில்லை. உவமை நிலையிலிருந்து அதை ஆய்வுமுறையாக உயர்த்த வேண்டும். அதற்கு ஒவ்வொரு பனுவலிலும் ‘நீ யார்?’ என்று கேட்பவர் எவர், ‘இது யாருடைய இடம்?’ என்பதைத் தீர்மானிப்பவர் எவர் என்று தேடுவது தொடக்கமாகும். ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ கலாசாலையிலும் தெருவிலும் சட்டமன்றத்திலும் இவ்வினாக்களை எதிர்கொண்டு விடை கண்டது. அது சென்றடையாத இடம் தோட்டம். வாடகைக்கு வீடு கேட்பவரிடம் ஊரையும் தெருவையும் விசாரித்து மற்றொன்றை அறிந்துகொள்ளும் வழக்கம் தொடரும்வரை கோயம்புத்தூர் மாணவரின் அச்சம் பழங்கதை ஆகாது. லைன் வீட்டில் வாழ்வோருக்கு அவ்வீட்டின்மீது உரிமை இல்லாதவரை 1924ஆம் ஆண்டின் தீர்மானமும் நிறைவு பெற்றதாகாது. நீலகிரி, ஆனைமலை, இலங்கை மலையகம் ஆகிய நிலங்களின் தோட்ட எழுத்துகளைச் சீனிவாசனின் தன்வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும் ஆய்வுகள் இனி மேற்கொள்ளப்பட வேண்டும்.